இரத்மலானையில் ஓடுபாதையை விட்டு விலகிய செஸ்னா: பின் சீட்டில் இருந்து நான் பார்த்தவை

இரத்மலானையில் தரையிறங்கும்போது ஒரு செஸ்னா 172 (ஒற்றை இஞ்சின் சிறு விமானம்) ஓடுபாதையை விட்டு விலகிப் புல்லுக்குள் போய் நின்றது. அதில் நான் பின் சீட்டில் இருந்தேன். முன்னால் இடப்பக்கம் என் நண்பன், மட்டக்களப்புப் பெடியன். வலப்பக்கம் பயிற்றுநர். மூன்று பேருக்கும் பெரிய காயம் ஒன்றுமில்லை, அடி விமானத்துக்குத்தான். இதைத் தமிழில் எழுத ஒரு காரணம் இருக்கிறது. வடக்கு கிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் பிள்ளைகள் பைலட் ஆகும் ஆசையோடு கொழும்புக்கு வருகிறார்கள், படிப்பதெல்லாம் ஆங்கிலத்தில், வகுப்புக்கு வெளியே கதைப்பது சிங்களத்தில், காசு கட்டுகிற அப்பா அம்மாவுக்கோ இதில் எதுவும் விளங்குவதில்லை. இரண்டு தரப்புக்கும் பயன்படட்டும் என்றுதான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு மாணவர் பறக்கும்போது இன்னொருவர் பின்னால் இருந்து பார்ப்பது வழக்கம். முன்னால் இருப்பவருக்குக் கை, கால், கண், காது எல்லாவற்றுக்கும் வேலை, பின்னால் இருப்பவருக்குத்தான் முழுவதையும் பார்க்க நேரம் கிடைக்கும். நான் ஒரு சின்னக் கொப்பியில் பறந்து இறங்குகிற ஒவ்வொரு சுற்றிலும் பேஸ் லெக்கில் (ஓடுபாதைக்குக் குறுக்காக வருகிற கட்டத்தில்) என்ன வேகம், ஃபைனலில் (ஓடுபாதைக்கு நேரே இறங்கி வருகிற கடைசிக் கட்டத்தில்) என்ன வேகம், சக்கரம் எங்கே பட்டது என்று குறித்துக்கொண்டிருந்தேன். பிறகு விசாரணையில் அந்தக் கொப்பி நன்றாக உதவியது. அதை அப்புறம் சொல்கிறேன்.

இரத்மலானை தெரியாதவர்களுக்கு: கொழும்பிலிருந்து காலி வீதியில் தெஹிவளை, கல்கிசை தாண்டித் தெற்கே போனால் இடப்பக்கம் வருகிற விமான நிலையம். நாட்டின் முதல் சர்வதேச விமான நிலையம் இதுதான். கட்டுநாயக்க வந்த பிறகு பெரிய விமானங்கள் அங்கே போய்விட, இங்கே விமானப்படை, உள்நாட்டுச் சேவை, பயிற்சிப் பள்ளிகள் என்று ஆகிவிட்டது. எங்கள் வீட்டு மூத்தவர்களைக் கேட்டால், போரில் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை பூட்டிக் கிடந்த காலத்தில் பலாலிக்குப் போன பிளேனைத்தான் சொல்வார்கள். ஓடுபாதை ஒன்றே ஒன்று, வடகிழக்குத் தென்மேற்காகக் கிடக்கிறது. ஒரு பக்கமிருந்து இறங்கினால் 04, மறுபக்கமிருந்து இறங்கினால் 22. 22 என்றால் விமானத்தின் மூக்கு சுமார் 220 பாகையைப் பார்த்து நிற்கும். நீளம் 1,800 மீட்டருக்குக் கொஞ்சம் மேல்.

ஒரு செஸ்னா 172க்கு இந்த நீளம் தாராளம். கடல் மட்டத்தில், காற்றில்லாத நாளில், உலர்ந்த பாதையில், 50 அடி உயரத்திலிருந்து முழுதாக நிற்கும் வரை சுமார் 400 மீட்டர் போதும் என்கிறது கையேடு. அதில் சக்கரம் தரையில் உருளுகிற தூரம் 200 மீட்டருக்கும் குறைவு. இந்தத் தாராளம்தான் இங்கே பழகுகிற மாணவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கத்தைப் பிடித்துவிடுகிறது என்பது என் கருத்து. வேகம் கூடிவிட்டதா, பரவாயில்லை, மிதந்து மிதந்து போய் எங்காவது இறங்கலாம், பாதை இன்னும் இருக்கிறதுதானே என்று மனம் சொல்லும். ஆனால் நாங்கள் வெளியே போனது பாதையின் முனையில் அல்ல, பக்கத்தில். 45 நொட் வேகம் என்றால் செக்கனுக்கு 23 மீட்டர். மூக்கு 20 பாகை திரும்பிவிட்டால் செக்கனுக்குக் கிட்டத்தட்ட 8 மீட்டர் பக்கவாட்டாகப் போகிறீர்கள். நடுக்கோட்டிலிருந்து விளிம்புக்குப் போய்ச் சேர இரண்டு மூன்று செக்கன்தான் ஆகும், அதற்குள் ஒன்றை யோசித்து முடிவெடுத்துக் காலால் செய்ய எவருக்கும் நேரமில்லை, முன்பே பழகிய கால்தான் செய்ய வேண்டும்.

அன்று பின்னேரம், மழை பெய்து ஓய்ந்திருந்தது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இங்கே பெரும்பாலும் 22இல்தான் இறங்குவார்கள். காற்று நேரே 220இலிருந்து வந்தால் சுகம், ஆனால் பின்னேரங்களில் கடல் காற்றும் சேர்ந்து மேற்கிலிருந்து அடிக்கும். டவர் (விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம்) சொன்னது 270 பாகையிலிருந்து, அதாவது மேற்கிலிருந்து, 12 நொட், இடையிடையே ஓங்கி அடிக்கும் வீச்சு 18. ஓடுபாதைக்கும் காற்றுக்கும் இடையே 50 பாகை. அப்படியென்றால் குறுக்குக் காற்று 12க்கு 9 நொட், வீச்சுக்கு 14 நொட் அளவில். மனக்கணக்குக்கு ஒரு வழி: 30 பாகை வித்தியாசம் என்றால் காற்றின் பாதி, 45 என்றால் பத்தில் ஏழு, 60 என்றால் பத்தில் ஒன்பது. 172இன் கையேட்டில் குறுக்குக் காற்றுக்கு 15 நொட் என்று போட்டிருக்கும். அது தேர்ந்த சோதனை விமானி செய்து காட்டிய அளவு. பழகுகிற பிள்ளைக்கு அதை அளவாக வைக்க முடியாது. உங்கள் பள்ளியில் மாணவருக்கு எத்தனை நொட், பயிற்றுநர் கூட இருந்தால் எத்தனை, தனியாகப் போனால் எத்தனை, அது சராசரிக் காற்றுக்கா வீச்சுக்கா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வீச்சுக்குத்தான் வைக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன், ஏனென்றால் சக்கரம் தரையைத் தொடுகிற அந்தச் செக்கனில் எந்தக் காற்று வரும் என்று யாருக்கும் தெரியாது.

இன்னொன்றும் இருக்கிறது, நாங்கள் யாருமே அன்று அதைப் பெரிதாக எடுத்துக் கதைக்கவில்லை. நண்பன் அதுவரை பறந்ததெல்லாம் இரண்டு பேரோடு. அன்று பின்னால் நான். விமானத்தின் பாரம் கூடியது, பாரத்தின் மையம் பின்னால் நகர்ந்தது. எல்லாம் அனுமதித்த எல்லைக்குள்தான், கணக்குத் தாள் சரியாகவே போட்டிருந்தது. ஆனால் மையம் பின்னால் போனால் யோக்கை (விமானியின் கைப்பிடிச் சுக்கானை) இழுக்கத் தேவைப்படும் பலம் குறையும். தினமும் இழுக்கிற அளவுக்கு இழுத்தால் மூக்கு கூடுதலாக எழும்பிவிடும். பின் சீட்டில் ஆள் ஏறுகிற முதல் நாளை காற்று அமைதியான காலமை நேரத்தில் வையுங்கள். இரண்டு புது விஷயத்தை ஒரே நாளில் சேர்க்க வேண்டாம்.

ஃபைனலில் நண்பன் வைத்திருக்க வேண்டிய வேகம் 65 நொட். காற்று வீசி வீசி அடிக்கிற நாளில் வீச்சுக்கும் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியைச் சேர்ப்பார்கள். 18இல் 12 போக 6, அதில் பாதி 3, ஆக 68. என் கொப்பியில் இருப்பது 75. பயிற்றுநர் இரண்டு தரம் "ஸ்பீட், ஸ்பீட்" என்றார். நண்பன் பவரைக் குறைத்தான், ஆனால் விமானம் இறங்கி வர வேண்டிய சரிவுக்கு மேலே உயரமாக இருந்ததால் மூக்கையும் தாழ்த்தினான், வேகம் அப்படியே நின்றது. 65க்கும் 75க்கும் பத்து நொட்தானே என்று நினைக்கலாம். அடக்க வேண்டிய சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது, 75ஐயும் 65ஐயும் வர்க்கித்துப் பாருங்கள், மூன்றில் ஒரு பங்கு கூடுதல்.

இரத்மலானை ஏறக்குறைய கடல் மட்டத்தில் இருப்பதால் ஒரு வசதி உண்டு, உயரமானியில் 500 அடி என்றால் தரைக்கு மேலும் கிட்டத்தட்ட 500 அடிதான். அந்த 500இல் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: வேகம் சரியா, உயரம் சரியா, நடுக்கோட்டில் நிற்கிறேனா, ஃப்ளாப் (இறங்கும்போது இறக்கையின் பின்பக்கம் கீழே விடும் தகடு) போட்டாயிற்றா. நான்கில் ஒன்று பிழை என்றாலும், அதைச் சரிசெய்து இறங்குவோம் என்று தொடராமல் மேலே போய் இன்னொரு சுற்று வர வேண்டும். எங்கள் விமானம் 500இல் நடுக்கோட்டில்தான் இருந்தது, மற்ற எண்கள்தான் கூட. பயிற்றுநருக்குப் பல வருட அனுபவம், நண்பனே சரிசெய்து பழகட்டும் என்று விட்டார். பிற்பாடு அவரே எங்களிடம் சொன்னார், "ஸ்பீட்" என்று இரண்டாம் தரம் சொல்ல வேண்டி வந்தால் அந்த இடத்தில் "கோ அரவுண்ட்" (இறங்காமல் மேலே போ) என்றுதான் சொல்ல வேண்டும் என்று. அவர் மீது எனக்கிருந்த மரியாதை அந்த வார்த்தையால் கூடியது.

சரி, தரைக்கு மேலே வந்தாயிற்று. யோக்கை இழுத்ததும் விமானம் இறங்காமல் எழும்பியது. மிதந்தது. கொஞ்சம் தாழ்ந்தது, பின் சக்கரங்கள் பட்டன, துள்ளியது. இந்த இடத்தில் எல்லா மாணவருக்கும் வருகிற ஆசை, யோக்கை முன்னால் தள்ளி விமானத்தைத் தரையில் ஒட்டவைப்பது. அப்படித் தள்ளினால் முன் சக்கரம் பாரத்தைச் சுமக்கும், பின் சக்கரங்கள் இரண்டும் இன்னும் முழுதாகத் தரையில் பதியாமல் இருக்கும், விமானம் மண் அள்ளுகிற ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி போல முன் சக்கரத்தில் சுழலப் பார்க்கும். பிரேக் போட்டால் பிடிக்காது, ஏனென்றால் பிரேக் இருப்பது பின் சக்கரங்களில், அவற்றில் பாரம் இல்லை. பாதையும் ஈரம். நீர்ப் படலத்தின் மேல் டயர் வழுக்கத் தொடங்கும் வேகத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: டயர் அழுத்தத்தின் (பிஎஸ்ஐ, அதாவது சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல்) வர்க்கமூலத்தை 9ஆல் பெருக்க நொட்டில் விடை வரும். 25 பிஎஸ்ஐ என்றால் 45 நொட். சிறு விமான டயர்களின் அழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் நிற்கிற பாதையில் நாங்கள் தரையைத் தொடுகிற வேகமே அந்த எல்லைக்கு மேல் இருக்கலாம்.

காற்று வலப்பக்கமிருந்து. துள்ளி விழுந்ததும் நண்பன் யோக்கை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டான். பறக்கும்போது காற்று வருகிற பக்கம் எய்லரானை (யோக்கைத் திருப்பினால் அசைந்து விமானத்தைச் சரிக்கும் இறக்கைத் தகடு) திருப்பி வைத்திருப்பார்கள், சக்கரம் பட்ட பிறகும் அதை விடக்கூடாது, வேகம் குறையக் குறைய இன்னும் கூடுதலாகத் திருப்ப வேண்டும், நிற்கும்போது முழுதாகத் திரும்பியிருக்க வேண்டும். விட்டுவிட்டால் காற்றுப் பக்க இறக்கை தூக்கும். தூக்கியது. வால் செட்டை காற்றில் பிடிபட்டு, மூக்கு காற்றை நோக்கி வலப்பக்கம் திரும்பத் தொடங்கியது. இடது ரடர் (காலால் மிதித்து மூக்கைத் திருப்பும் வால் சுக்கான்) வேண்டும், உடனே, தாராளமாக.

பயிற்றுநர் "ஐ ஹாவ் கன்ட்ரோல்" (கட்டுப்பாடு இனி என்னிடம்) என்றார். நண்பன் யோக்கிலிருந்து கையை எடுத்தான். கால்களை எடுக்கவில்லை.

இதைத்தான் நான் பின்னாலிருந்து கண்ணால் பார்த்தேன், இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அவன் முழங்கால் இரண்டும் நீட்டி விறைத்திருந்தன. பயத்தில் மனிதர் செய்வது அது, முன்னால் எதையாவது மிதித்து உடம்பைப் பின்னால் தள்ளுவது. இரண்டு பக்க ரடர் பெடல்களும் ஒன்றோடொன்று இணைந்தவை. மாணவர் இரண்டு காலாலும் சமமாக மிதித்து விறைத்தால் பெடல் நடுவில் பூட்டிக்கொள்ளும், பயிற்றுநர் எவ்வளவு பலமாக இடது பெடலை மிதித்தாலும் அது அசையாது. பெடலின் மேல் பகுதி பிரேக் என்பதால் நுனிக்கால் பட்டு அதுவும் சேர்ந்து அமுங்கும். "கால்! கால்!" என்று பயிற்றுநர் கத்தியது ஆங்கிலத்தில், நானும் பின்னாலிருந்து "காலை எடு மச்சான்" என்று கத்தினேன். எது அவனுக்குக் கேட்டதோ தெரியாது, எடுத்தான், அதற்குள் வலப்பக்க விளிம்பு சக்கரத்துக்குக் கீழே வந்துவிட்டது.

ஆகவே பழகுகிற பிள்ளைகளே, கட்டுப்பாட்டைக் கொடுப்பது என்றால் கையையும் காலையும் சேர்த்துத்தான். கால் பெடலைத் தொடாமல் பின்னால் வந்து தரையில் இருக்க வேண்டும். இதை மேலே பழக முடியாது, இஞ்சின் போடுவதற்கு முன் நிற்கிற விமானத்தில் பழகுங்கள். பயிற்றுநர் திடீரென்று அந்த வார்த்தையைச் சொல்லட்டும், நீங்கள் "யூ ஹாவ் கன்ட்ரோல்" என்று சொல்லிக் கையைத் தூக்கிக் காலை இழுக்க வேண்டும். திரும்பத் திரும்ப. சில பயிற்றுநர்களுக்கு இது சின்னப் பிள்ளை விளையாட்டாகத் தோன்றலாம். கேளுங்கள், பரவாயில்லை.

குதிக்கால் இரண்டும் எப்போதும் விமானத்தின் தரையில் ஊன்றி, பாதத்தின் முன் பகுதி பெடலின் கீழ்ப் பாதியில் இருக்கட்டும், தரையைத் தொடும்போது பிரேக்கில் நுனிக்கால் இருக்கவே கூடாது. தடித்த அடியுள்ள சப்பாத்து வேண்டாம். பெடல் அழுத்தம் உள்ளங்காலுக்குத் தெரிய வேண்டும். சீட்டை முன்னால் இழுத்து, பூட்டு விழுந்ததா என்று உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். செஸ்னாக்களில் சீட் தண்டவாளத்தில் பூட்டு சரியாக விழாமல் பின்னால் சறுக்கி நடந்த விபத்துகள் உலகத்தில் பல உண்டு. கட்டையான ஆள் என்றால் முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்தாவது முழு ரடரும் எட்டுகிறதா என்று பாருங்கள்.

புல்லுக்குள் போன பிறகு பயிற்றுநர் செய்த ஒன்றை நான் எப்போதும் நன்றியோடு நினைக்கிறேன். அவர் விமானத்தை மறுபடி பாதைக்கு ஏற்றப் பார்க்கவில்லை. பவரை முழுதாகக் குறைத்தபடியே, யோக்கைப் பின்னால் இழுத்து, போகிற திசையில் நேராக ஓடவிட்டார். ஈரப் புல்லில் சட்டென்று திருப்பியிருந்தால் வெளிப்பக்க இறக்கை நிலத்தில் குத்தி விமானம் பிரண்டிருக்கலாம். பாதையின் விளிம்பும் புல்லும் ஒரே மட்டத்தில் இல்லாத இடத்தில் சக்கரம் மாட்டி முன் கால் உடைவதும் திரும்பி ஏற முயலும்போதுதான். அதேபோல விமானம் ஏற்கெனவே பக்கவாட்டாக ஓடத் தொடங்கிய பிறகு முழுப் பவர் கொடுத்து மேலே போகவும் பார்க்காதீர்கள், போகிற திசையில் ஹேங்கரோ மரமோ இன்னொரு விமானமோ இருக்கும். கோ அரவுண்டுக்கு நேரம் அதற்கு முன்: 500 அடியில், மிதக்கும்போது, முதல் துள்ளலில் மூக்கு நேராக இருக்கும்போது. முழு த்ரொட்டில், மூக்கை ஏறுவதற்கான நிலையில் பிடி, வலது ரடர், ஃப்ளாப்பை 20 பாகைக்கு எடு, வேகம் வந்த பிறகு மிச்சம். நண்பனுக்கு இந்த மூன்று இடமும் கிடைத்தன. மூன்றிலும் அவன் இறங்குவதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தான், அதற்கு நான் அவனைக் குறை சொல்ல மாட்டேன், தரை இவ்வளவு பக்கத்தில் வந்த பிறகு திரும்ப மேலே போவது மனதுக்கு விரோதமான காரியம். அதனால்தான் பயிற்சியில் ஒவ்வொரு முறை பறக்கும்போதும் ஒரு கோ அரவுண்டாவது செய்ய வேண்டும் என்கிறேன். எல்லாம் நன்றாக இருக்கும்போதே செய்து பழக வேண்டும்.

வேகம் நன்றாகக் குறைந்த பிறகு வலது சக்கரம் மெதுநிலத்தில் புதைந்தது. விமானம் அரைவட்டம் திரும்பி, மூக்கு குத்தி, ப்ரொப்பெல்லர் மண்ணில் அடித்து இஞ்சின் நின்றது. சத்தம் நின்றதும் மூன்று பேரும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தோம். அப்புறம் பயிற்றுநர் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிச் செய்தார்: மிக்ஷ்சர் (இஞ்சினுக்குப் போகும் எரிபொருள் கலவை) வெட்டு, எரிபொருள் பூட்டு, இக்னிஷன் ஓஃப், டவருக்கு இரண்டு சொல், மாஸ்டர் (மின்சாரத்தின் பிரதான ஆளி) ஓஃப். வெளியே.

பின் சீட்டில் இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். 172இல் பின்னால் கதவு கிடையாது. முன் சீட்டை நகர்த்தினால்தான் நீங்கள் வெளியே வர முடியும். எந்தச் சீட், அதன் பிடி எங்கே, கதவின் கைப்பிடி எந்தப் பக்கம் திரும்பும் என்று ஏறும்போதே கையால் தொட்டுப் பார்த்து வையுங்கள். தீயணைப்பான் எங்கே என்றும் பாருங்கள். என் தண்ணீர்ப் போத்தல் மடியிலிருந்து பறந்து முன் சீட்டுக்குக் கீழே போய்விட்டது. அது பெடலுக்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கிறேன். போத்தல், போன், பை எதுவும் அவிழ்ந்து கிடக்கக் கூடாது. பெல்ட்டை இடுப்பெலும்பில் இறுக்குங்கள், வயிற்றில் வேண்டாம். தோள் பட்டியும் போடுங்கள். இறங்கியதும் வால் பக்கமாக, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் தள்ளிப் போங்கள். ப்ரொப்பெல்லர் பக்கம் வேண்டவே வேண்டாம். 172இல் பெட்ரோல் இருப்பது தலைக்கு மேலே இறக்கைகளில், விமானம் சரிந்து நின்றால் ஒரு பக்கமாக ஒழுகும். எங்களுக்கும் வாடை வந்தது. தீயணைப்பு வண்டி சீக்கிரமே வந்துவிட்டது, அவர்கள் வரும்வரை போன் எடுத்துப் படம் பிடிக்கப் பக்கத்தில் போகக்கூடாது.

வெளியிலிருந்து பார்த்தால் பெரிய சேதமில்லை, ப்ரொப்பெல்லரின் நுனிகள் வளைந்து, சக்கர மூடி உடைந்து கிடந்தது. ஆனால் ஓடுகிற இஞ்சினின் ப்ரொப்பெல்லர் நிலத்தில் அடித்தால், வளைவு சின்னதாக இருந்தாலும், இஞ்சினைக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும் என்பது லைகொமிங் போன்ற இஞ்சின் தயாரிப்பாளர்களின் நிலைப்பாடு. செலவு அங்கேதான். பெற்றோருக்கு இதைச் சொல்கிறேன்: பள்ளியில் சேர்க்கும்போது காப்புறுதிப் பத்திரத்தைக் கேட்டு வாசியுங்கள். பயிற்றுநர் இருக்கும்போது சேதமானால் யார் பொறுப்பு, பிள்ளை தனியாகப் பறக்கும்போது யார், காப்புறுதி கொடுக்காத முதல் தொகையை யார் கட்டுவது. கையெழுத்து வைத்த பிறகு கேட்டுப் பயனில்லை.

அடுத்தது அறிக்கை. "ஒருவருக்கும் ஒன்றுமில்லை, விட்டுவிடலாம்" என்று நினைக்கிற விஷயமல்ல இது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்துக்கான சிக்காகோ உடன்படிக்கையின் 13ஆம் இணைப்பில், ஓடுபாதையின் பக்கவாட்டில் ஓடி வெளியேறுவதும் பாரதூரமான சம்பவங்களுக்கான உதாரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டிருக்கிறது. சிவில் விமான சேவைகள் அதிகாரசபைக்கு அறிவிக்க வேண்டும், அனுமதி வரும்வரை விமானத்தை அசைக்கக் கூடாது. அதே இணைப்பு, விசாரணையின் ஒரே நோக்கம் இனி நடக்காமல் தடுப்பதுதான், பழி போடுவது அல்ல என்றும் சொல்கிறது. இதை நண்பனுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் அவன் அன்றிரவே லைசென்ஸ் கனவு முடிந்தது என்று இருந்தான்.

அன்று பின்னேரமே, மூன்று பேரும் கூடிக் கதைப்பதற்கு முன், தனித்தனியாக எழுதினோம். இது நல்ல காரியம். நண்பன் பிரேக் போட்டது விலகிய பிறகு என்று எழுதியிருந்தான், பயிற்றுநர் விலகுவதற்கு முன் என்று. இரண்டு பேருமே உண்மையாகத்தான் எழுதினார்கள். பயத்தில் மனம் நேரத்தை மாற்றி அடுக்கிவிடும். என் கொப்பியில் அந்தச் சுற்றுக்கான வேகம் முன்பே எழுதிக் கிடந்ததால் அதில் மட்டும் விவாதம் வரவில்லை. லைசென்ஸ், மருத்துவச் சான்றிதழ், பறப்புப் பதிவு, பாரக் கணக்குத் தாள், விமானத்தின் தொழில்நுட்பப் பதிவு எல்லாம் கேட்டார்கள். கணக்குத் தாளைப் பறக்குமுன் போட்டுத் தரையில் விட்டுச் சென்றிருந்தோம், அது உதவியது.

வீட்டுக்குச் சொல்வது தனி விஷயம். வேலிக்கு வெளியே நின்ற யாரோ எடுத்த படம் வாட்ஸப்பில் ஓடத் தொடங்கிவிட்டது, "இரத்மலானையில் விமான விபத்து" என்ற தலைப்போடு. நண்பனின் அம்மாவுக்கு மட்டக்களப்பில் பக்கத்து வீட்டார் காட்டியிருக்கிறார்கள். அவன் போன் எடுத்தபோது அவர் அழவில்லை. "உண்மையைச் சொல்லு மனே, கை கால் எல்லாம் இருக்கா?" என்றுதான் கேட்டார். வீடியோவில் எழும்பி நின்று காட்டினான். ஆகவே, வெளியே வந்து, ஆட்களை எண்ணி, டவருக்கும் பள்ளிக்கும் தெரிந்தாயிற்று என்றால் அடுத்த அழைப்பு வீட்டுக்கு. "பிளேன் புல்லுக்குள் போய்விட்டது, நான் நடந்துகொண்டிருக்கிறேன்" என்று இரண்டு வசனம் போதும். காரணம், யார் பிழை, ஒன்றும் கதைக்க வேண்டாம், வேறு எவரிடமும்கூட. ஊடகத்துக்குப் பள்ளி பதில் சொல்லட்டும்.

அதேபோல ஒன்றுமில்லை என்று தோன்றினாலும் வைத்தியரிடம் காட்டுங்கள். நாங்கள் களுபோவில ஆஸ்பத்திரிக்குப் போனோம். அன்று எனக்கு வலியே இல்லை, மறுநாள் காலமை கழுத்தைத் திருப்ப முடியவில்லை. தலையிடி, வாந்தி, பெல்ட் பட்ட இடத்தில் வயிற்று வலி இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

நண்பன் திரும்பப் பறக்கிறான். உடனே இல்லை. கொஞ்ச நாள் விமான நிலையப் பக்கமே வரவில்லை, நானும் வற்புறுத்தவில்லை, வெள்ளவத்தைக் கடற்கரையில் நடப்போம், வேறு கதை கதைப்போம். பிறகு அவனே கேட்டு, வேறொரு பயிற்றுநரோடு தொடங்கினான். அவர் அவனை முதலில் இறங்கவே விடவில்லை. காலமைக் காற்றில் ஓடுபாதைக்கு மேலே சில அடி உயரத்தில், கொஞ்சம் பவர் வைத்து, நடுக்கோட்டின் மேலேயே நேராகப் பறக்க வைத்தார். சக்கரம் படக்கூடாது. காற்றுப் பக்கம் எய்லரான், எதிர்ப்பக்கம் ரடர், மூக்கு கோட்டோடு நேராக, பாதை முடிவதற்கு நன்றாக முன்பே முழுப் பவர் கொடுத்து மேலே. ஒரு சாதாரண இறக்கத்தில் ஒரு சில செக்கன் மட்டுமே கிடைக்கிற அந்த உணர்வு இதில் அரை நிமிடம் கிடைக்கிறது, இரத்மலானையின் நீளம் உண்மையில் பயன்படுவது இதற்குத்தான். டவரிடம் முன்கூட்டியே கேட்டு, போக்குவரத்து இல்லாத நேரம் செய்வார்கள். ரடர் என்ன செய்கிறது என்று காலுக்கு விளங்கிய பிறகுதான் இறங்கவிட்டார். குறுக்குக் காற்றில் தடுமாறுகிற எவரும் இந்தப் பயிற்சியைத் தங்கள் பயிற்றுநரிடம் கேட்கலாம். நண்பன் இப்போது மேற்கிலிருந்து காற்று வரும் பின்னேரங்களில், பள்ளி வைத்த அளவுக்குள் இருந்தால், தானாகவே நேரம் கேட்டு வாங்குகிறான்.